மெஷின் ரூமுக்குப் பத்தொன்பது படி

என் அக்கா புருஷன் லிஃப்ட் மெக்கானிக். முப்பது வருஷமாக ஊராரை மாடிக்கு அனுப்பிவைத்த மனுஷனை ஐம்பத்து நாலு வயதில் சொந்த முட்டியே காலை வாரிவிட்டது. வலது முட்டியை மாற்றினார்கள். நான் டாக்சி ஓட்டுகிறவன். அதனால் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அவரைச் சுமக்கிற வேலை என் தலையில் விழுந்தது. மச்சான் என்றால் சும்மாவா?

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே ஜோக்கைச் சொன்னார்கள். "உங்களுக்கென்ன, லிஃப்ட்லயே போய்க்கலாம்." கேட்டதும் மாமாவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். லிஃப்ட் கடைசி மாடியோடு நின்றுவிடும். அதை இழுக்கிற மோட்டார் அதற்கும் மேலே, மொட்டை மாடி மெஷின் ரூமில் இருக்கிறது. அங்கே போக இரும்புப் படிதான். லிஃப்டைப் பழுது பார்க்கிறவனுக்கு லிஃப்ட் கிடையாது.

கம்பெனியும் அதையேதான் சொன்னது, கொஞ்சம் மரியாதையாக. நாலு மாதத்துக்குள் டூல் பையோடு மெஷின் ரூமுக்கு ஏறிக் காட்டினால் பழைய வேலை. இல்லாவிட்டால் ஆபீஸில் புகார் வாங்குகிற போனுக்கு முன்னால் உட்கார வேண்டும். அந்த நாற்காலி என்றாலே மாமாவுக்கு ஆகாது.

அவர்கள் வீடு இரண்டாவது மாடி. மூன்றாவது மாதமே மாமா ஜோராக ஏற ஆரம்பித்துவிட்டார். அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் வலது தோள் வலிக்கிறது என்றார், உள்ளங்கையில் கொப்புளம் வேறு. முட்டிக்கு ஆபரேஷன் செய்தவருக்குத் தோளில் என்ன வலி என்று பிசியோதெரபிஸ்ட் பெண் யோசித்தாள். "ரெண்டு கையையும் பாக்கெட்ல வச்சுக்கிட்டு ஒரு படி ஏறுங்க சார்" என்றாள்.

ஏற முடியவில்லை. ஒரு படிகூட.

"நீங்க கால்ல ஏறலை, கையில ஏறியிருக்கீங்க. கைப்பிடிக் கம்பியைப் பிடிச்சு உடம்பை இழுத்திருக்கீங்க."

"லிஃப்ட்டை மேல இருந்துதாம்மா இழுப்பாங்க. கீழ இருந்தா தள்ளுவாங்க?" என்றார் மாமா. தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கிற ஆள். இப்போது அவருக்கே ஒன்றரைக் கால்தான், வீம்பு மட்டும் குறையவில்லை.

அவள் அசரவில்லை. படி ஏறும்போது முட்டிமேல் உடம்பு எடையைப் போல மூன்று மடங்கு பாரம் விழும், அதைத் தூக்க வேண்டியது முன்தொடைச் சதை, அதற்கு நீங்கள் மூன்று மாதம் லீவு கொடுத்துவிட்டீர்கள் என்றாள். நாலு அங்குல உயரத்தில் ஒரு மரப்பெட்டியைப் போட்டாள். பாதம் முழுக்கப் பெட்டிமேல் பதிய வேண்டும், மார்பு கொஞ்சம் முன்னால் சாய வேண்டும், முட்டி உள்பக்கம் சரியக் கூடாது, கை கம்பியைத் தொடலாம், இழுக்கக் கூடாது. இறங்குவதற்கும் ஒரு பயிற்சி கொடுத்தாள். "கம்பெனி ஏறத்தான் சொல்லியிருக்கு. அது அப்புறம்" என்று மாமா அதைத் தள்ளிப்போட்டார்.

நாலு மாதக் கெடு முடிகிற அன்று ஒரு ஏழு மாடிக் கட்டடத்தில் பரீட்சை. மேலதிகாரி முதலில் ஏறி மெஷின் ரூம் வாசலில் நின்றார். மாமா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பத்தொன்பது படியும் ஏறினார், கம்பியை விரலால் மட்டும் தொட்டபடி. பின்னாலேயே நானும் ஏறினேன். பழைய வேலைக்குத் தகுதி என்ற பேப்பரில் அதிகாரி கையெழுத்துப் போட்டார், போன் வந்தது, பேசிக்கொண்டே இறங்கி லிஃப்டில் போய்விட்டார்.

பிறகு நாங்கள் இறங்கினோம். வீட்டில் மாமா ஆபரேஷன் காலை முதலில் கீழே வைத்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்துத்தான் இறங்குவார். அன்றைக்குச் சந்தோஷம் தலைக்கேறி, பழையபடி கால் மாற்றி மாற்றி இறங்கினார். ஆறாவது படியில் உடம்பு முழுக்க வலது காலில் நின்றபோது முட்டி மடங்கிவிட்டது. இரண்டு படி முன்னால் போன என் முதுகில் வந்து விழுந்தார். பை மட்டும் தடதடவென்று கீழே போய்ச் சேர்ந்தது.

"யானைக்கும் அடி சறுக்கும் மாமா. யாரும் பாக்கலை, எந்திரிங்க" என்றேன்.

அவர் படியிலேயே உட்கார்ந்து போனை எடுத்தார். "சார், கொஞ்சம் மேல வாங்க. அந்தப் பேப்பரைக் கிழிச்சிடுங்க. ஏறிட்டேன், இறங்க முடியலை."

எனக்கு வந்த கோபத்தில் அவரை அங்கேயே விட்டுவிட்டுப் போயிருப்பேன். "வாயை மூடிக்கிட்டு இருந்தா என்ன கெட்டுப்போச்சு?"

"மேல போகுதுங்கறதுக்காக ஒரு லிஃப்ட்டுக்கு ஓகே எழுதுவாங்களாடா? ஆளோட கீழ வந்து ஒழுங்கா நிக்கணும், அப்பத்தான் எழுதுவேன். எனக்கு மட்டும் வேற சட்டமா?"

அதிகாரி வந்தார், கிழித்தார். திங்கட்கிழமையிலிருந்து போன் நாற்காலி என்றார். இறங்கப் பழகினால் சொல்லுங்கள், ஆனால் அதுவரை பழைய வேலை காலியாக இருக்கும் என்று உத்தரவாதம் இல்லை என்றும் சொன்னார்.

"பொய் சொல்லத் தெரியாத மனுஷனைக் கட்டிக்கிட்டு நான் படற பாடு" என்று அக்கா சமையலறைக்குள் போய் அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, அவர் இறங்கிப் பழக வசதியாக, மாடிப்படி ஓரத்தில் இருந்த செருப்பு ஸ்டாண்டை வேறு இடத்துக்கு மாற்றினாள். எனக்கு மாமாவைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தாறு வருஷம்.

ஏழு வாரம் மாமா பகலில் போன் எடுத்தார், சாயங்காலம் படி இறங்கினார். வலது காலில் நின்று, மெல்ல மெல்ல மடக்கி, இடது குதிகாலை முட்டைமேல் வைப்பதுபோலக் கீழே வைக்க வேண்டும். முன்தொடைச் சதை நீண்டுகொண்டே பாரத்தையும் தாங்க வேண்டும், ஏறுவதைவிட இது கஷ்டம் என்று பிசியோதெரபிஸ்ட் முன்பே சொல்லியிருந்தாள். இப்போது மாமா அதைத் தான் கண்டுபிடித்ததுபோல் எல்லோரிடமும் சொன்னார். நல்லவேளையாக அவருடைய இடத்துக்கு ஆளும் கிடைக்கவில்லை.

மறுபடி அதே கட்டடம். அதிகாரி மேலே போகப் பார்த்தார்.

"வேணாம் சார். நீங்க கீழயே நில்லுங்க."

மாமா ஏறினார், திரும்பினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். இரும்பில் செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது, எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினொன்றில் நின்றது. பிறகு பன்னிரண்டு, பதின்மூன்று. கண்ணைத் திறந்தபோது மாமா தரையில் நின்றிருந்தார், பை தோளில் இருந்தது. அதிகாரி பேனாவைத் தேடினார்.

"அவசரமில்லை சார். இன்னொரு தடவை ஏறி இறங்கறேன். நல்லாப் பாத்துட்டுப் போடுங்க."