மைண்ட் என்றொரு சொல்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வாத்தியாருக்கு இலக்கணம்கூடப் பயமில்லை. சின்னச் சின்னச் சொற்கள்தான் பயம். என்னைப் போல இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இது தெரியும். 'மைண்ட்' என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மனம், ஆட்சேபம், பார்த்துக்கொள்வது, ஜாக்கிரதை என்று அதற்கு எத்தனையோ முகம். போதாததற்குத் திருவனந்தபுரத்துக்காரர்கள், "அவன் என்னை மைண்டே செய்யலை" என்று, கண்டுகொள்ளவே இல்லை என்கிற அர்த்தத்தில் இன்னொன்றையும் சேர்த்துவிட்டார்கள். இதைச் சொல்லிக்கொடுக்கப் போய் நான் பட்டது இது.

ஜன்னலோர பெஞ்ச்

கரமனையில் ஒரு மருந்துக்கடை மாடியில் என் வகுப்பு. போனக்காடு தேயிலை எஸ்டேட்டைச் சேர்ந்த செல்வி, வெளிநாட்டு நர்ஸ் வேலைக்காகப் படிக்க வந்தாள். 'இங்கே உட்கார்ந்தால் மைண்ட் பண்ணுவீர்களா?' என்று ஆங்கிலத்தில் கேட்கிற பாடம். 'நோ' என்றால் உட்காரலாம். 'யெஸ்' என்றால் நகர்ந்துவிட வேண்டும். எல்லோரும் குழம்புகிற இடம். காலியாகக் கிடந்த ஜன்னலோர பெஞ்சைக் காட்டி, "அதில் ஒருத்தர் இருக்கிறதா நினைச்சுக் கேளும்மா" என்றேன்.

செல்வி போய்க் குனிந்து கேட்டாள். கொஞ்ச நேரம் காதைக் கொடுத்து நின்றாள். பிறகு மெதுவாக "சாரி" என்று சொல்லிவிட்டு என் மேஜையருகே வந்து நின்றுகொண்டாள். வகுப்பே சிரித்தது. நல்ல நடிப்பு என்று நானும் கை தட்டினேன். அவள் முகம் மட்டும் வெளுத்திருந்தது. ஏன் உட்காரவில்லை என்று கேட்டேன்.

"யெஸ்னு சொல்லிட்டாங்க சார்."

தொட்டில்

ஷைலா ஜவுளிக்கடையில் வேலை பார்ப்பவள். கைக்குழந்தைக்காரி என்பதால் அவளுக்குப் போனில் வீடியோ வகுப்பு. அன்று மத்தியானம் கரண்ட் இல்லை, வியர்த்துக்கொண்டே பேசினாள். அவளுக்குப் பின்னால் சேலைத் தொட்டில் சீராக ஆடிக்கொண்டிருந்தது. குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதற்கும் இந்தச் சொல்தான் என்பதால், "ஹூ ஈஸ் மைண்டிங் தி பேபி?" என்று கேட்டேன். "மை மதர் ஈஸ் மைண்டிங் தி பேபி" என்றாள், பிழையே இல்லாமல்.

அப்புறம்தான் நினைவு வந்தது. போன மழைக்காலத்தில், அம்மா இறந்துவிட்டாள் என்று இவள்தான் வகுப்புக்கு லீவு கேட்டிருந்தாள். மனசு நோகாமல் சொல்ல வேண்டுமே என்று, "இறந்தவங்களைச் சொல்லும்போது பாஸ்ட் டென்ஸ் போடணும்மா" என்றேன். ஷைலா திரும்பித் தொட்டிலைப் பார்த்தாள்.

"பக்ஷே சார், அது ஆடிக்கிட்டுதானே இருக்கு? பின்ன எப்படி பாஸ்ட் டென்ஸ் ஆகும்?"

பழைய அர்த்தம்

வலியசாலையில் கோமதிக்கு வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுத்தேன். புருஷன் வெளிநாட்டில், இவளுக்கும் விசா வந்துவிட்டது. மாமனாரை முதியோர் இல்லத்தில் விட ஏற்பாடு. அவருக்கு மறதி நோய். பெற்ற பிள்ளை போனில் பேசினாலும் "சார் யாரு?" என்பார். பாடம் நடக்கும்போது ஒரு மூலையில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். மாதக்கணக்கில் அவர் ஒரு முழு வாக்கியம் பேசி யாரும் கேட்டதில்லை.

அன்று கொஞ்சம் மேதாவித்தனமாக, "மைண்டுக்கு ஆதியில் ஞாபகம்னுதான் அர்த்தம். யோசிக்கிறது, மனசு எல்லாம் பின்னால ஒட்டிக்கிட்டது" என்று விளக்கினேன்.

மூலையிலிருந்து தெளிவான குரல் வந்தது. "ஞாபகம்தான் மைண்டுன்னா, எனக்கு அது போயிடுத்தே. அப்போ இத்தனை நாழி இங்க உக்காந்து கேட்டுண்டிருந்தது யாரு?"

கேட்டுவிட்டு, நிஜமாகவே யாராவது இருக்கிறார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். நான் எழுந்து அருகே போவதற்குள் அவர் முகம் பழையபடி சுவர்ப் பக்கம் போய்விட்டது. எத்தனை கூப்பிட்டும் அதற்கப்புறம் பேச்சில்லை. அடுத்த வகுப்புக்குப் போனபோது கோமதி வாசலிலேயே நிறுத்தி, இனி பாடம் வேண்டாம் என்றாள். விசா என்ன ஆயிற்று என்றேன்.

"போகலை சார். உள்ள ஒருத்தர் கேட்டுண்டே இருக்கார்னு தெரிஞ்சப்பறம், அவரை எப்படி இன்னொருத்தர் கையில குடுத்துட்டுப் போறது?"

இப்போதெல்லாம் அந்தச் சொல்லை நான் வீட்டுப்பாடமாகக் கொடுத்துவிடுகிறேன். மறுநாள் அதைப் பற்றி யாரிடமும் கேள்வி கேட்பதில்லை.