அக்கா கட்டிய சந்தாபுரா வீடுகளும் ஸ்டெல்லாக்காவின் பங்கும்

இந்த நினைவு மலருக்காக அக்காவைப் பற்றி எழுதப்போகிறேன் என்று மாமாவிடம் சொன்னபோது அவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டுக்கொண்டார். "நல்லத மட்டும் பொறுக்கி எழுதாதப்பா. நடந்தத எழுது. அவளுக்கு அதுதான் புடிக்கும்." அக்காவோடு இருபது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தவர் சொல்கிறார். எனவே நடந்ததையே எழுதுகிறேன்.

அக்கா கோலார் தங்கவயலில், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடொன்றில் பிறந்தார். எங்கள் தாத்தா காலத்தில் வடஆர்க்காட்டிலிருந்து அங்கே குடியேறிய குடும்பம் எங்களுடையது. அப்பா பூமிக்கடியில் இறங்கி வேலை செய்தவர். பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். அக்காவுக்குப் பத்து வயதுக்கு மேல் ஆன பிறகே நான் பிறந்தேன். என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டே வீட்டுப் பாடம் எழுதுவாராம். எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஸ்டெல்லாக்காவின் வீடு. அக்காவும் அவரும் முதல் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. ஸ்டெல்லாக்கா நர்சிங் படித்து குவைத்துக்குப் போகும்வரை இருவரையும் தனித்தனியாகப் பார்த்தவர்கள் குறைவு.

சுரங்கம் மூடப்பட்டபோது அப்பாவுக்குக் கிடைத்த பணத்தை, அவரோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்த சிநேகிதர் ஒருவரின் லாரித் தொழிலில் போட்டார். அந்தச் சிநேகிதர் ஏமாற்றுக்காரர் அல்லர். தொழில் நொடித்தது, அவ்வளவுதான். ஆனால் பணம் போன பிறகு அவருக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லாமல் போயிற்று. எங்கள் தெருவைத் தவிர்த்து வேறு தெரு வழியாக நடந்தார். அப்பா இறந்த அன்று தெருமுனைவரை வந்து, அங்கேயே நின்று, திரும்பிப் போய்விட்டார். அதை அக்கா பார்த்தார். "உள்ள வந்திருக்கலாம்டா. பணத்த யாரு கேட்டாங்க" என்று அன்று என்னிடம் சொன்னார். அக்கா பிற்காலத்தில் எடுத்த முடிவுகளை அந்த நாள்தான் தீர்மானித்தது என்று நான் நினைக்கிறேன்.

குடும்பப் பாரம் அக்காவின் மேல் விழுந்தது. விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வந்து, ஒரு கட்டட நிறுவனத்தின் அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்தார். பில் சரிபார்ப்பது, பிளான் அனுமதிக்கு அலைவது, கம்பி, சிமென்ட் விலை பேசுவது என்று ஒவ்வொன்றாகக் கற்றார். கன்னடத்தை அங்கேதான் பழகிக்கொண்டார். அந்த நிறுவனத்துக்கு எலெக்ட்ரிக்கல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்த மாமாவை மணந்து ஆஸ்டின் டவுனில் குடியேறினார். அவர்களுக்கு ஒரு மகள். அம்மாவையும் என்னையும் தம்மோடு அழைத்துக்கொண்டார். என் படிப்புச் செலவு, அம்மாவின் மருத்துவச் செலவு இரண்டையும் கடைசிவரை அவரே பார்த்துக்கொண்டார். யாராவது உதவி செய்ய வந்தால், "பரவால்ல, நான் பாத்துக்கறேன்" என்பார். எங்கள் வீட்டில் அதிகம் கேட்ட வாக்கியம் அதுதான்.

நான் பெங்களூரை ஒட்டிய ஹெப்பகோடியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, என் உடன் வேலை செய்பவர்கள் ஒற்றை அறையில் நான்கைந்து பேராகக் குடித்தனம் நடத்துவதை வீட்டில் சொல்வேன். அக்கா அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். அவரும் மாமாவும் அதற்குப் பக்கத்துச் சந்தாபுராவில் ஒரு மனை வாங்கி வைத்திருந்தார்கள். அதில் நான்கு மாடி எழுப்பி, இப்படிப்பட்டவர்கள் சொந்தமாக வாங்கக்கூடிய சிறு வீடுகளாகக் கட்டி விற்க வேண்டும் என்று அக்கா முடிவு செய்தார். நிலம் இருந்தது, அனுபவம் இருந்தது, கட்டுவதற்குப் பணம் இல்லை.

முதலில், மாமாவுக்குத் தெரிந்த பெரிய முதலீட்டாளர் ஒருவர் முழுப் பணமும் போட முன்வந்தார். ஆனால் வீடுகளைப் பெரிதாக்கி, எண்ணிக்கையைக் குறைத்து, விலையை ஏற்ற வேண்டும் என்றார். அக்கா நன்றி சொல்லி அனுப்பிவிட்டார். மிஞ்சியது இரண்டு வழிகள். ஆஸ்டின் டவுன் வீட்டை அடமானம் வைத்து வங்கியில் கடன் வாங்குவது ஒன்று. குவைத்திலிருந்து திரும்பி, தங்கவயலில் தம் தாயாரோடு வாழ்ந்துகொண்டிருந்த ஸ்டெல்லாக்காவைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொள்வது மற்றொன்று. அவரே கேட்டுக்கொண்டு வந்திருந்தார். திருமணம் செய்துகொள்ளாதவர், உழைத்த பணமெல்லாம் அவரிடம் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் உட்கார்ந்து பேசினோம்.

"பேங்க்காரனுக்கு வீடு வித்தாலும் விக்காட்டியும் மாசம் பொறந்தா வட்டி கட்டணும்" என்றார் மாமா. "கூட்டாளிக்கு அப்படி இல்ல. வித்த பொறவு பிரிச்சுக்கலாம். ஸ்டெல்லாவே கேக்கும்போது இன்னா யோசனை உனக்கு?"

எனக்கும் அதுவே சரியென்று பட்டது. குடியிருக்கும் வீட்டை ஏன் பணயம் வைக்க வேண்டும் என்று கேட்டேன்.

"நான் மாசாமாசம் வந்து நிக்க மாட்டேன்டி" என்றார் ஸ்டெல்லாக்கா சிரித்துக்கொண்டே. "வித்தா குடு. விக்கலன்னா ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்து அழுவோம்."

அக்கா சிரிக்கவில்லை. "அதான் வோணாம்ங்கறேன். நஷ்டமானா பேங்க் என் வீட்ட எடுத்துக்கும், கணக்கு முடிஞ்சுது. உன் துட்டு போனா நீ ஒரு வார்த்த கேக்க மாட்ட. நான் உன் மூஞ்சிய எப்படிப் பாக்கறது?"

"அப்போ என் துட்டு ஆகாது, பேங்க் துட்டு ஆகும். அப்படித்தான?"

"ஆமா" என்றார் அக்கா.

ஸ்டெல்லாக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். காபி போட்டிருந்தோம், குடிக்காமல் போய்விட்டார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுப் பலகாரத் தட்டு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பிறந்ததிலிருந்து நான் அறிய அது வராமல் போனது அதுவே முதல் தடவை.

கடன் கிடைத்தது, வேலை தொடங்கியது. மூன்று தளங்கள் எழும்பும்வரை எல்லாம் நல்லபடியாக நடந்தது. நான்காவது தளத்துக்குக் கான்கிரீட் போடப் பலகை அடித்துக்கொண்டிருந்தபோது கொரோனா வந்தது. ஊரடங்கில் ராய்ச்சூர் பக்கத்திலிருந்து வந்திருந்த தொழிலாளர்கள் மூட்டை கட்டினார்கள். அவர்களுக்குச் சேர வேண்டிய கூலியை அக்கா தம் வளையல்களை விற்றுக் கொடுத்தனுப்பினார். வீடு கேட்டுப் பேசி வைத்திருந்தவர்களில் பாதிப் பேர் வேலை போய்ப் பின்வாங்கினார்கள். வட்டி மட்டும் நிற்கவில்லை. தவணையை ஒத்திப்போட வங்கி அனுமதித்த மாதங்களின் வட்டியும் அசலோடு சேர்ந்துகொண்டது.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நான் கேட்டபோதெல்லாம் "நான் பாத்துக்கறேன்" என்றுதான் பதில் வந்தது. ஒரு நாள் காலையில் வங்கி அதிகாரி வந்து ஆஸ்டின் டவுன் வீட்டுக் கதவில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டினார். அக்காவை நன்கு அறிந்தவர் அவர். "ஏன் மாடோது மேடம், மேலிந்த ஆர்டர்" என்று தலையைக் குனிந்துகொண்டார். என்ன செய்ய முடியும், மேலிடத்து உத்தரவு என்கிறார். "பரவால்ல சார், உங்க கெலசா நீங்க மாடி" என்று, அவர் வேலையை அவர் செய்யச் சொல்லி, அக்கா அவருக்குத் தண்ணீர் கொடுத்தனுப்பினார். பிறகு வழக்கம்போல் சேலையைச் சரிசெய்துகொண்டு சந்தாபுராவுக்குப் பஸ் ஏறிவிட்டார். அங்கே செய்வதற்கு வேலை எதுவும் இல்லை. வேலை நின்றுபோன கட்டடத்தில் போய் உட்கார்ந்திருப்பார் என்று மாமா சொல்லித்தான் தெரிந்தது.

மாமா அன்றே ஸ்டெல்லாக்காவுக்குப் போன் செய்தார். அக்காவுக்குத் தெரியாமல் அவர் செய்த ஒரே காரியம் அதுவாகத்தான் இருக்கும். மறுநாள் ஸ்டெல்லாக்கா தங்கவயலிலிருந்து நேராகச் சந்தாபுராவுக்கு வந்தார். நானும் மாமாவும் அங்கிருந்தோம். கைப்பிடி வைக்காத மாடிப்படியில் அக்கா உட்கார்ந்திருந்தார். ஸ்டெல்லாக்கா அதே படியில் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"ஏண்டி, ஒரு போன் பண்ணக் கூடாதா?"

"இன்னான்னு பண்றது? அன்னைக்கு வோணாம்னு சொன்னவ, இன்னைக்கு குடுன்னு கேக்கறதா? அன்னைக்காவது லாபம் வரும்னு ஒரு இது இருந்துச்சு. இன்னைக்குப் போட்டா போச்சுதான். எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும். நான் கடன் குடுக்க வரல. பங்குக்கு வந்திருக்கேன்."

"இதுல பங்கு நஷ்டம்தான்டி இருக்கு."

"அதுல பாதி குடு" என்றார் ஸ்டெல்லாக்கா. "உங்க அப்பா துட்டு போனதுக்கா அழுதாரு? அந்த மனுஷன் வூட்டுக்கு வர்றத நிறுத்திட்டாரேன்னு அழுதாரு. நான் நிறுத்த மாட்டேன். நீ கதவச் சாத்தாம இருந்தா போதும்."

அக்கா அழுதார். அப்பா இறந்தபோதும் அம்மா இறந்தபோதும் பிறர் முன்னால் அழாதவர், சிமென்ட் தூசியில் அப்படியே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நானும் மாமாவும் கீழே இறங்கிப் போய் வெயிலில் நின்றோம். திரும்பி வந்தபோது, "எழுத்துல இருக்கணும்" என்று அக்கா சொல்லிக்கொண்டிருந்தார். "எழுதித் தொலை" என்றார் ஸ்டெல்லாக்கா.

வழக்கறிஞரிடம் கூட்டு ஒப்பந்தம் எழுதும்போது, விற்று வரும் பணத்தில் ஸ்டெல்லாக்கா போட்ட தொகை முதலில் போய்ச் சேர வேண்டும் என்று அக்கா ஒரு வரி சேர்க்கச் சொன்னார். ஸ்டெல்லாக்கா அந்த வரியை அடித்து நீக்கவைத்தார். அவர் போட்ட பணத்தில் வங்கியின் தவணைப் பாக்கி கட்டப்பட்டது. நோட்டீஸ் விலகியது. தொழிலாளர்கள் திரும்பினார்கள். நான்காவது தளமும் முடிந்தது. விலை இறங்கியிருந்த காலம். இருந்தும் முன்பே பேசி வைத்தவர்களுக்குப் பேசியபடியும், மற்றவர்களுக்கு அன்றைய நிலவரப்படியும் வீடுகள் விற்பனையாயின. என் உடன் வேலை செய்பவர்களின் மூன்று குடும்பங்கள் இன்று அங்கே வசிக்கின்றன.

வங்கிக் கடன் தீர்ந்து, கணக்கு முடித்தபோது இரண்டு பேருக்கும் போட்டதைவிடக் குறைவாகவே வந்தது. அக்கா ஒவ்வொரு செலவையும் ஸ்டெல்லாக்காவின் முன்னால் வாய்விட்டுப் படித்தார். அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி" என்று சொல்லிப் பஸ்ஸுக்குக் கிளம்பிப் போனார். அந்த வாரம் முழுவதும் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டெல்லாக்கா மீன் வாங்கிக்கொண்டு வந்து, "மசாலா அரைச்சியா இல்லியா?" என்று நேராகச் சமையலறைக்குள் நுழைந்தார். அக்கா கூடத்துக்கு வந்து என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "வந்துட்டாடா." அதைச் சொன்னபோது அக்காவின் முகம் எப்படி இருந்தது என்பதை எழுத எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு அக்கா கொஞ்சம் மாறினார். கனமான பையை நான் வாங்கிக்கொண்டால் தடுக்கமாட்டார். மகளிடம் தம் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொல்லி உட்காருவார். புற்றுநோய் என்று மருத்துவர்கள் சொன்னபோது எங்களிடம் மறைக்கவில்லை. எல்லோரையும் உட்காரவைத்துச் சொன்னார். மருத்துவமனையில் இருந்த கடைசி வாரங்களில், "இன்னைக்கு யாரு வர்றீங்க?" என்று காலையிலேயே கேட்பார். தம்மைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அக்கா கேட்டதை அப்போதுதான் நாங்கள் கேட்டோம். மாமாவின் கையைப் பிடித்தபடி, ஒரு பிற்பகலில், அமைதியாகப் பிரிந்தார்.

சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், இரத்தம் கொடுத்த ஹெப்பகோடி நண்பர்களுக்கும், செய்தி கேட்டு ராய்ச்சூரிலிருந்து இரவுப் பஸ் பிடித்து வந்து இறுதி ஊர்வலத்தில் தோள் கொடுத்த மேஸ்திரிக்கும் அவருடைய ஆட்களுக்கும், வந்தவர்களுக்கெல்லாம் தங்கள் வீடுகளில் சமைத்துப் பரிமாறிய சந்தாபுராக் குடியிருப்பின் பெண்களுக்கும் எங்கள் குடும்பம் நன்றிக்கடன் பட்டிருக்கிறது. அக்காவைக் கடைசிவரை தம் கையாலேயே குளிப்பாட்டி, உடை மாற்றி, தலை வாரிவிட்ட ஸ்டெல்லாக்காவுக்கு நன்றி சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை. வணங்குகிறேன்.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். தொழில் செய்தவர் அக்கா. அவர் யாருக்காவது தரவேண்டியது எதுவும் எங்களுக்குத் தெரியாமல் நின்றிருந்தால், தயங்காமல் வீட்டுக்கு வந்து சொல்லுங்கள். மாமாவும் மகளும் நானும் சேர்ந்து தீர்ப்போம். சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும், வந்து எங்களோடு ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போங்கள்.