பனங்கூடலுக்குள் ஒரு வெளி

யாழ்ப்பாணக் கடலிலுள்ள எழுவைதீவின் வடகரையில், மண்மேட்டின் உச்சியில், பாய்க்கப்பல் காலத்துக் காவல் கோபுரம் ஒன்று நிற்கிறது. முழுக்கப் பனைமரத்தால் கட்டியது. கீழ்ப்படிகள் உக்கிவிட்டதால் ஏணி வைத்துத்தான் ஏறவேண்டும். பல வருடங்களாக யாரும் ஏறவில்லை, ஞானசவுந்தரி ஏறத் தொடங்கும்வரை.

ஐம்பதைத் தாண்டியவர்; கலியாணம் செய்யவில்லை. ஆடு வளர்த்தார். கனடாவிலிருக்கும் தங்கை சயந்தினியின் சீதனக் காணியை, பனைகள் அடர்ந்த பனங்கூடலை, வேலியடைத்துக் காத்துவந்ததும் அவர்தான். ஒருநாள் அதற்குள் ஆடு தேடிப் போனவர் காலில், மண் போட்டு மூடிய அடிக்கட்டை ஒன்று தட்டுப்பட்டது. தள்ளி இன்னொன்று. யாரோ களவாகப் பனை தறிக்கிறார்கள். ஊரில் எவரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. கேட்கிற ஆளே கள்ளனாக இருந்தால்? கூடல் முழுதும் தெரிகிற கோபுரத்தில் ஏறித் தானே காவல் இருந்தார்.

பின்னேரங்களில் அவர் கோபுரத்தில் இருப்பதைக் கண்ட ஊர் வேறு கணக்குப் போட்டது. வலைகளை அறுத்துப்போகும் இழுவைப் படகுகளுக்கு அவர் தகவல் கொடுக்கிறார் என்று படகுக்காரன் தனுஜன் சொல்லித் திரிந்தான். கிணற்றடியில் பெண்கள் அவரைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள்.

ஒரு பின்னேரம் அவர் மேலே இருக்கையில் தனுஜன் வந்து ஏணியை எடுத்துக்கொண்டு போனான். கூப்பிட்டும் திரும்பவில்லை. அவன் நேரே பனங்கூடலுக்குள் நுழைவதை அவர் பார்த்தார். சற்று நேரத்தில் ஒரு பனையின் உச்சி வட்டு ஆடி, சாய்ந்து, மறைந்தது.

அவர் போட்ட சத்தத்துக்கு மீனவர் சங்கத் தலைவர் மரியநாயகம் வேறோர் ஏணியோடு வந்தார். அங்கே என்ன பார்க்கிறீர் என்று கேட்டார். ஏறி வந்து பார்க்கச் சொன்னார் ஞானசவுந்தரி. மரியநாயகம் ஏறினார். கூடலின் நடுவே பெரிய வெளி கிடந்தது. அதன் ஓரத்தில் இன்னொரு பனை ஆடிக்கொண்டிருந்தது.

"இதை ஏன் முதலே சொல்லேல்லை?"

"உங்களையும் நான் நம்பேல்லை அண்ணை."

இருவரும் கூடலுக்குப் போனபோது தனுஜன் ஓடவில்லை. கைத்தொலைபேசியில் யாரையோ அழைத்து, ஞானசவுந்தரியிடம் நீட்டினான். மறுமுனையில் சயந்தினி.

"அக்கா, பனையளை நான்தான் தறிச்சு விக்கச் சொன்னனான்."

என்னிடம் ஏன் மறைத்தாய் என்று ஞானசவுந்தரி கேட்டார்.

"கனகாலமாய் நீங்கள்தானே பாக்கிறியள். காணியை உங்கடை எண்டு ஆக்கிப்போடுவியள் எண்டு ஒரு ஆள் சொன்னது."

அந்த ஆள் யாரென்று சயந்தினி சொல்லவில்லை.

சொந்தக் காணியென்றாலும் அரசாங்க அனுமதியில்லாமல் பனை தறிக்கக்கூடாது, முறையிடலாம் என்றார் மரியநாயகம். ஞானசவுந்தரி வேண்டாமென்று சொல்லிவிட்டு, அங்கே கட்டியிருந்த ஆடுகளை அவிழ்த்துத் தன் வீட்டு வளவுக்குச் சாய்த்துக்கொண்டு போனார். அவர் குற்றமற்றவர் என்று மரியநாயகம் ஊருக்குச் சொன்னார். பெண்கள் மறுபடி பேச வந்தார்கள், சிலர் கறி கொண்டும் வந்தார்கள். அவர் வாங்கிக்கொண்டார். ஒவ்வொருவரும் படலையைச் சாத்திக்கொண்டு போகும்போது, தங்கைக்குச் சொன்னது இவளாக இருக்குமோ என்று முதுகைப் பார்த்தபடி நின்றார்.