காய்ச்சல் வந்த வழி

பிள்ளைகளே, படிவத்தோடு வருகிறவர்களிடம் பயணத்தைப் பற்றி வாய் திறக்க வேண்டாம் என்று உங்களுக்குப் பழக்கியவன் நான்தான். அகதியாக அலைந்த காலத்தில் பிடித்த பயம் அது. இன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன்.

லண்டனில், உங்கள் பெரியப்பா வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் இருக்கிறேன். இரவிலிருந்து காய்ச்சல், இருமல். நர்ஸ் எங்கள் ஊர்ப் பிள்ளை. நீளமான பஞ்சுக் குச்சியை என் மூக்குக்குள் விட்டுச் சுழற்றி எடுத்துவிட்டுப் படிவத்தைத் திருப்புகிறார்.

"கிட்டடியில வெளிநாடு போனனீங்களோ அண்ணை?"

"இல்லை. இங்கைதான் இருக்கிறன்."

எழுதிக்கொள்கிறார். குச்சியைச் சிறிய குழாயில் போட்டு மூடியபடி சொல்கிறார்:

"இது லாப்புக்குப் போகும். ஐரோப்பா முழுக்க இப்பிடி எடுக்கினம். எந்தக் காய்ச்சல் எங்கையிருந்து எங்கை போகுதெண்டு தெரிஞ்சால்தானே அதுக்கேத்த தடுப்பூசி செய்யலாம். உங்களை ஒருத்தரும் தேடேல்லை."

லண்டனுக்கு வெளிக்கிடுவதற்கு முதல்நாள் பாரிஸில் நான் போன கலியாண வீடு நினைவுக்கு வருகிறது. பக்கத்துக் கதிரையில் ஒரு கிழவர் விடாமல் இருமிக்கொண்டிருந்தார். அந்தக் காய்ச்சலை நான் லண்டன் காய்ச்சலாக்கிவிட்டேன்.

"தங்கச்சி, பொய் சொல்லிப்போட்டன். முந்தநாள்தான் பாரிஸிலையிருந்து வந்தனான்."

"தெரியும். கதவு திறந்துவிட்ட ஆளுக்கு 'மெர்சி' எண்டு பிரெஞ்சில நன்றி சொல்லிக்கொண்டுதானே உள்ளுக்கு வந்தனீங்கள்."

பழையதை வெட்டிவிட்டுப் புதிதாக எழுதுகிறார்.

வெளியே தூறல். பஸ் வந்து நிற்கிறது. உள்ளே நெருக்கமாகச் சனம், ஒரு கைக்குழந்தையும் தெரிகிறது. நான் ஏறவில்லை. தொப்பியை இழுத்துப் போட்டுக்கொண்டு நடக்கிறேன்.