தறப்பாள் போர்த்திய கிழங்கு

சோலோதுர்ன் நகருக்குப் பக்கத்தில் ஒரு பண்ணையில் ஏழு வருடமாக வேலை செய்கிறேன். என்னிடம் இருப்பது அகதிகளுக்குத் தற்காலிகமாகத் தரும் எஃப் பெர்மிட். அதை வைத்துக்கொண்டு இங்கே உழைக்கலாம், வரி கட்டலாம், எல்லையை மட்டும் தாண்ட ஏலாது. யாழ்ப்பாணத்தில் தாயோடு இருக்கும் என் மகளை ஆறு மாதக் குழந்தையாகப் பார்த்ததுதான். வதிவிட உரிமை தரும் பி பெர்மிட் கிடைத்தால் போய்ப் பார்க்கலாம். விண்ணப்பத்தோடு வைக்க முதலாளியின் கடிதம் வேண்டும். போன கார்த்திகையில், தருகிறேன் என்று சொல்லிவிட்டு மனிசன் இடுப்பு ஆபரேஷனுக்குப் போய்விட்டார்.

போகுமுன் ஒரு வேலைதான் சொன்னார். சீனி எடுக்கிற பீட் கிழங்கைக் கிண்டி வயலோரம் குவித்திருந்தோம். சீனி ஆலையின் லொறி வரும்வரை வெள்ளை ஃபிளீஸ் துணியால் மூடி வை, வேறொன்றும் செய்யாதே என்றார். கிண்டிய பிறகும் கிழங்கு மூச்சு விடுமாம், தன் சீனியைத் தானே தின்னுமாம், சூடு வெளியேறாவிட்டால் அழுகிவிடுமாம். தலையாட்டினேன்.

அந்தத் துணியைத் தூக்கிப் பிடித்தால் மறுபக்கம் வெளிச்சம் தெரியும். வன்னியில் அகதி முகாமில் ஒரு மாரி முழுக்க பிளாஸ்டிக் தறப்பாளுக்குக் கீழே கிடந்தவன் நான். மழைக்குத் துணியை நம்ப எனக்கென்ன விசரா? மூன்றாம் நாள் மழை கொட்டியதும் கொட்டிலில் கிடந்த கறுப்புத் தறப்பாளை இழுத்துவந்து, ஒரு நீக்கல் விடாமல் போர்த்தி, சுற்றிவரப் பழைய டயர்களை அடுக்கினேன். பெருமையாகக்கூட இருந்தது.

மழை விட்டு, ஒரு கிழமை வெயில் எறித்தது. ஒரு காலை பக்கத்தில் போனபோது புளித்த கள்ளு மணம். தறப்பாளை விலக்கிக் கையை உள்ளே விட்டேன், காய்ச்சல்காரனின் நெற்றிபோலச் சுட்டது. கிழங்கை வெட்டினால் உள்ளே மண்ணிறம்.

லாங்கன்தாலில் இருக்கும் மச்சானுக்கு போன் எடுத்தேன்.

"வாயைத் திறக்காதை," என்றான். "அழுகினதைக் கொண்டுபோய்க் காட்டுக்குள்ளை கொட்டு. முதல்ல கடிதத்தை வாங்கு."

நியாயமாகத்தான் பட்டது. அழுகியதைப் பொறுக்கித் தள்ளுவண்டியில் ஏற்றிக் காட்டுப் பாதைவரை போனேன். யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் கொட்டாமல், அங்கே நின்று முதலாளிக்கு போன் எடுத்து நடந்ததைச் சொன்னேன். நல்லவன் என்பதால் இல்லை. இன்னொரு பயத்தையும் சுமக்க எனக்குத் தெம்பில்லை.

அவர் ஏசவில்லை. மிச்சத்தைக் காற்றுப்படத் திறந்து வை என்றார். ஊன்றுகோலோடு வீடு வந்த கிழமையே கடிதமும் தந்தார். உழைப்பாளி, நேரம் தவறாதவர், நம்பத்தக்கவர் என்றெல்லாம் எழுதிவிட்டு, சொன்னதைக் கேட்காமல் குவியலில் ஒரு பகுதியைப் பழுதாக்கினார், தானாகவே அதைச் சொன்னார் என்றும் கீழே சேர்த்திருந்தார். அந்த வரியை எடுக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அது இல்லாவிட்டால் மேலே உள்ளதை யார் நம்புவார்கள் என்று கேட்டார். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. ஆனால் கடிதம் தர வேறு முதலாளி எங்கே? விண்ணப்பத்தோடு அப்படியே கொடுத்தேன்.

ஒரு வருடமாகிறது, பதில் இல்லை. இந்த முறை குவியலுக்கு ஃபிளீஸ் மட்டும்தான் போட்டிருக்கிறேன். நேற்று மழைத் தூறலில் அதற்குப் பக்கத்தில் நின்றபோது மகள் வீடியோவில் வந்தாள். துணிக்குள் என்ன என்று கேட்டாள். கிழங்கு என்றேன்.

"அதுக்கு மூச்சு முட்டாதோ அப்பா?"

"முட்டாது அம்மா. காத்துப் போற துணி. மூண்டு கிழமையில லொறி வந்து ஏத்திக்கொண்டு போயிடும்."



"அப்ப நீங்கள் எப்ப வருவீங்கள்?"

நான் என் முகம் தெரியாதபடி போனைக் குவியல் பக்கம் திருப்பிப் பிடித்தேன்.