ஸ்டெல்லாவின் படம் போன வீடுகள்

புதிதாகக் கழுவிய போட்டோவுக்குப் புளித்த வாடை ஒன்று உண்டு; ஸ்டுடியோக்காரர் கொடுத்த பழுப்புக் கவரை மடியில் வைத்துக்கொண்டு அம்மாவின் பக்கத்தில் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கிய அந்தத் தவக்காலம் முழுவதும் என் பாவாடையில் அந்த வாடைதான் அடித்தது.

எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்களில் யாராவது இறந்தால், பெட்டியை மூடுமுன் வந்தவர்கள் எல்லாரும் அதைச் சுற்றி நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் “பெட்டிப் போட்டோ”. “நின்னவங்க எல்லாருக்கும் ஒண்ணு குடுத்துரணும், இல்லேன்னா மனசுல வெச்சுக்குவாங்க” என்பார்கள் பெரியவர்கள். அந்த வருடம் பெட்டிக்குள் இருந்தவள் என் தங்கை ஸ்டெல்லா. மூன்று வயது. மூளைக்காய்ச்சல்.

அவள் உயிரோடு இருந்தபோது ஒரு படமும் எடுக்கவில்லை. ஞானஸ்நானத்தன்று சொல்லி வைத்திருந்த ஸ்டுடியோக்காரர் வரவில்லை, கிறிஸ்துமஸுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு கிறிஸ்துமஸைத் தள்ளிப்போட்டோம். ஆகவே அவள் முகம் என்று உலகத்தில் இருந்ததே கண் மூடிய, நெற்றியில் பூ வைத்த அந்த ஒரு முகம்தான். “இதுல நிக்கிற எல்லார் வீட்லயும் அவ இருக்கணும்” என்றாள் அம்மா. அப்படியாவது அவள் இருந்தாள் என்று ஆகட்டும் என்று நினைத்திருப்பாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் கிளம்புவோம். சொந்தக்காரர்கள் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்கள். ஆனால் வாங்கியவுடன் ஒவ்வொருவருடைய கண்ணும் படத்தின் ஓரங்களில் ஓடி, தன்னைக் கண்டுபிடித்த பிறகுதான் நிற்கும். “என்ன அண்ணி, எனக்குத் தோள் மட்டுந்தான் விழுந்திருக்கு” என்றார் என் சித்தப்பா. அம்மா படத்தைப் பார்க்கவே மாட்டாள், பார்க்கிறவர்களின் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னிடம், “அவரும் அவளப் பாக்கல” என்பாள்.

கடைசியாகப் புதுச்சத்திரம் போனோம். அப்பா கோழித்தீவன மில்லில் வேலை பார்த்த காலத்தில் அங்கே பாப்பாத்தியக்காவின் தோட்டத்தை ஒட்டித்தான் குடியிருந்தோம். ஸ்டெல்லா போன பிறகு அந்த வீட்டில் இருக்க முடியாமல்தான் சேலத்துக்கு வந்தோம். ஸ்டெல்லா தின்றது, தூங்கியது எல்லாம் பாப்பாத்தியக்காவிடம்தான். தண்ணீர் கட்டப் போகும்போதும் இடுப்பில் அவள்தான். மோட்டார் சத்தம் கேட்டால் குழந்தை அலறும் என்பதால், “சாமி, சுச்சுப் போடறேன், காத மூடிக்கோ” என்று சொல்லி, அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திய பிறகுதான் அக்கா சுவிட்சில் கை வைப்பார். பெட்டிப் போட்டோவில் எங்கள் சாதிசனம் அல்லாத ஒரே ஆள் அவர்தான், தலைமாட்டில் நின்றிருந்தார்.

கவரைப் பிரித்தவர் தன்னைத் தேடவில்லை. கட்டை விரலைக் குழந்தையின் நெற்றியில் வைத்து அப்படியே நின்றார். அம்மாவின் முகம் இளகுவதை நான் பார்த்தேன். பிறகு அக்கா படத்தைக் கவருக்குள் போட்டு நீட்டினார்.

“கோவிச்சுக்காத சாமி. மருமவ முழுகாம இருக்கறா. செத்த புள்ள படத்த ஊட்டுக்குள்ள வெக்க மாட்டமுங்க.”

பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் அவர் வேறென்ன சொல்ல முடியும் என்று இன்றைக்கு எனக்குப் புரிகிறது. அம்மாவுக்கு அன்று புரியவில்லை, புரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. கவரை வாசல் கட்டிலில் வைத்துவிட்டு, கொடுத்த மோரைத் தொடாமல், என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டாள். பாப்பாத்தியக்காவின் பெயரை அதற்குப் பிறகு அவள் எடுக்கவே இல்லை, நான் எடுத்தாலும் எழுந்து போய்விடுவாள்.

இப்போது எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் மண்டப வாசலில் ஒரு கியூஆர் கோடு கட்டத்தை ஒட்டி வைக்கிறார்கள். அதை ஃபோனில் பிடித்து நம் முகத்தைக் காட்டினால் போதும், நாம் இருக்கும் படங்களை மட்டும் பொறுக்கி அனுப்பிவிடுகிறது. ஓரங்களில் தன்னைத் தேடும் சிரமம்கூட யாருக்கும் இல்லை. பெட்டிப் போட்டோ வழக்கொழிந்துவிட்டது. போன வருடம் அம்மா இறந்தபோது நான்தான் பேச்செடுத்தேன், அதெல்லாம் எதற்கு என்று பிள்ளைகள் சங்கடப்பட்டார்கள், விட்டுவிட்டேன்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வந்தபோது நரை விழுந்த ஒரு பெண் எனக்காகக் காத்திருந்தார்.

“புதுச்சத்திரம் பாப்பாத்தியம்மா மருமவளுங்க. சேதி தெரிஞ்சு வாரதுக்குள்ள நேரமாயிப்போச்சு. அன்னிக்கு முழுகாம இருந்தது நாந்தானுங்க. அத்தை அந்தப் படத்த ஊட்டுக்குள்ள கொண்டாரல, தூக்கிப் போடவும் இல்லீங்க. மோட்டார் ரூம்ல மாட்டி வெச்சிருந்தாங்க. சாவற வரைக்கும், ‘சாமி, சுச்சுப் போடறேன், காத மூடிக்கோ’ன்னு சொல்லிப்போட்டுத்தான் மோட்டாரப் போடுவாங்க.”

படம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“கரையான் அரிச்சுப்போச்சுங்க. அந்த ரூமையும் இடிச்சாச்சு. இப்ப ஃபோன்ல அமுத்துனாலே மோட்டாரு ஓடுதுங்க.”

குழியில் போட்ட மண் என் கையில் இன்னும் ஒட்டியிருந்தது. உள்ளே திரும்பிப் பார்த்தேன். மண்ணை மேடாக்கி முடித்து, மண்வெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.