மூலையில் நின்ற ரயில்

எங்கள் மாடியறைப் பொம்மை ரயில் முதன்முதலில் நின்றபோது என் கணவர் என்னிடம் காரணம் கேட்டார். நான் சொன்னேன். மின்சாரம் ஒரு முனையில்தான் ஏறுகிறது, தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் இடம் ஒவ்வொன்றிலும் தடை இருக்கிறது, தூரம் போகப் போக மின்னழுத்தம் குறையும் என்று காகிதத்தில் படம் போட்டு விளக்கினேன். அவர் தலையாட்டினார். ரயில் மேஜையின் தூர மூலையில் நின்றது நின்றபடியே இருந்தது. அவர் போனை எடுத்து என் தங்கையைக் கூப்பிட்டார்.

நான் ஹைஸ்கூலில் அறிவியல் டீச்சர். பத்தாம் வகுப்புக்கு மின்சாரம் நடத்துகிறவள். என் தங்கை பி.யூ.சி.யைப் பாதியில் விட்டவள். பதினெட்டு வருடமாக ஒரு ஃபேக்டரியில் சர்க்யூட் போர்டுக்குச் சோல்டர் வைக்கிறாள்.

எங்கள் வீடு விவேக் நகரில், கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி. மகள் வேலை கிடைத்து ஹைதராபாத்துக்குப் போனதும் மாடியறை காலியானது. கணவர் அங்கே பெரிய ப்ளைவுட் மேஜை போட்டு, சின்ன ரயிலுக்குத் தண்டவாளம் பதித்தார். சிறு வயதிலிருந்தே இருந்த ஆசை என்றார். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் ஒரு நாளும் அதை என்னிடம் சொன்னதில்லை.

தங்கை அந்த ஞாயிற்றுக்கிழமை ஜோகுபாளையத்திலிருந்து வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக மாடி ஏறினாள். பின்னாலேயே நானும் போனேன். அவள் எதுவும் கேட்கவில்லை. ரயிலை ஓடவிட்டாள். அது வேகம் குறைந்து மூலையில் நின்றதும், அதற்கு முந்தைய இணைப்பை விரலால் அழுத்தினாள். ரயில் நகர்ந்தது. விரலை எடுத்தாள், நின்றது.

“இதாங்க மாமா. ஜாயின்ட் லூஸா இருக்கு. இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு, கீழேர்ந்து வயர் குடுத்துட்டா சரியாயிடும்.”

“இதைத்தான் நானும் சொன்னேன்” என்றேன்.

“ஆமாக்கா” என்று அவள் மேஜைக்கு அடியில் நுழைந்துவிட்டாள். கணவர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு அவளோடு குனிந்தார். எனக்கு அவர்கள் இருவரின் கால்கள் மட்டும்தான் தெரிந்தன.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் ஏதாவது ஒரு கோளாறு இருந்தது. பாதை பிரியும் இடத்தில் எஞ்சின் தடுக்கும். ஒரு பெட்டி தடம் புரளும். ஒரு பக்கம் திடீரென்று கரண்ட் செத்துவிடும். தங்கை, இணைப்பு இருந்தால் பீப் என்று கத்தும் மீட்டரின் இரண்டு ஊசிகளையும் தண்டவாளத்தில் வைத்துக்கொண்டே போவாள். எங்கே அது கத்தவில்லையோ அங்கே நிறுத்துவாள். கணவர் அவளுக்காகவே ஒரு சோல்டரிங் அயர்ன் வாங்கி, அந்த அறையில் ஆணியடித்து மாட்டினார். வாரநாட்களில்கூட அவளோடு போனில் பேசினார். “ஆங், அந்த வளைவுலதான். நீ சொன்ன மாதிரியே” என்பார். பேச்சு முடியும் முன்பே சிரிப்பார்.

அதில் தப்பாக எதுவும் இல்லை. எனக்கு அது நன்றாகத் தெரியும். தப்பாக ஏதாவது இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். முன்பெல்லாம் ஞாயிறு சர்ச்சில் பூசை முடிந்து வந்தால் அவள் சமையலறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பாள். ஃபேக்டரிக் கதை, மாமியார் கதை எல்லாம் வரும். இப்போது நான் தனியாக வெங்காயம் உரித்தேன். மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும்போதெல்லாம் கத்தி கொஞ்சம் வேகமாக ஓடும். எனக்கு யார் மேல் பொறாமை என்றே புரியவில்லை. அவளைப் பிடித்துக்கொண்ட அவர் மேலா, அவரைப் பிடித்துக்கொண்ட அவள் மேலா?

ஒரு வெள்ளிக்கிழமை ரயில் விட்டு விட்டு ஓடியது. மறுநாள் கணவர் ஒரு சாவுக்காகக் கோலார் தங்கவயலுக்குப் போனார். “ஞாயித்துக்கிழமை உன் தங்கச்சி பார்த்துக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் நான் மாடிக்கு ஏறினேன். தண்டவாளத்தின் மேல் விரலை ஓட்டினேன். கறுப்பாக ஒட்டியது. அழுக்குதான் காரணம் என்று புரிந்தது. துணியால் துடைத்தேன், போகவில்லை. சமையலறையிலிருந்து பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரை எடுத்து வந்து மேஜை முழுக்கத் தேய்த்தேன். முதுகு விட்டுப்போயிற்று. தண்டவாளம் வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னியது. ரயிலை ஓடவிட்டேன். ஒரு இடத்தில்கூட நிற்காமல் சுற்றி வந்தது. அறையில் யாருமில்லை. இருந்தும் நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் அவர் திரும்பி வந்ததும் சொல்லவில்லை. தங்கை வரட்டும், அவளுக்கு முன்னால் சொல்லலாம் என்று வைத்திருந்தேன்.

ஞாயிறு மூவரும் மாடியில் இருந்தோம். கணவர் தனக்குப் பிடித்த பச்சை எஞ்சினை ஓடவிட்டார். மகள் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது அது. நாலு சுற்று நன்றாக ஓடியது. “அட, தானா சரியாயிடுச்சே” என்றார். நான் வாயைத் திறக்கப் போன நேரத்தில் எஞ்சின் முனக ஆரம்பித்தது. பிறகு தீய்ந்த வாடை வந்தது. நின்றுவிட்டது.

தங்கை அதைக் கையில் எடுத்தாள். சுட்டது. ஸ்க்ரூவைக் கழற்றி மோட்டாரைத் திறந்தாள். உள்ளே காந்தத்தைச் சுற்றி மயிர் மயிராக இரும்பு இழைகள் அப்பியிருந்தன. ஓடும் எஞ்சின் தண்டவாளத்தில் உதிர்ந்து கிடந்ததையெல்லாம் உறிஞ்சியிருக்கிறது. மோட்டாருக்குள் காந்தம் இருக்கும் என்று வருடா வருடம் கரும்பலகையில் வரைகிறவள் நான்.

தங்கை என்னை ஒரு கணம் பார்த்தாள். என் விரல் நுனிகளில் நார் கீறிய கோடுகள் இருந்தன.

“மோட்டாருக்குள்ள கார்பன் ப்ரஷ் தேஞ்சுபோச்சு மாமா. நிறைய ஓடினா அப்படித்தான்” என்று மோட்டாரை மூடினாள்.

அவள் தண்ணீர் குடிக்கக் கீழே வந்தபோது நானும் சமையலறைக்குப் போனேன்.

“எதுக்குப் பொய் சொன்னே?”

“விடுக்கா. சும்னே எதுக்கு வம்பு?”

“நான் கேட்டேனா உன்னை?”

அவள் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். “நீ டீச்சர். அவர் முன்னாடி நீ தப்பு பண்ணிட்டேன்னு எப்படிச் சொல்றது? அதுவும் நான்?”

அவள் நல்லெண்ணத்தில்தான் சொன்னாள். எனக்கு அது சூடு வைத்த மாதிரி இருந்தது. என் கௌரவத்தை என் தங்கை காப்பாற்றும் நிலைமைக்கு வந்துவிட்டேன். மாடி ஏறினேன்.

“எஞ்சினைக் கெடுத்தது நான்தாங்க. இரும்பு நாரால தேய்ச்சேன்.”

கணவர் எஞ்சினைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தார். துணியை முடிச்சுப் போட்டார். “கேட்டிருக்கலாமே” என்றார் பிறகு.

“நீங்க என்னைக் கேட்டீங்களா? எல்லாத்துக்கும் அவதானே.”

“உன்னைக் கூப்பிட்டா நீ கேள்வி கேப்பே. ஏன் இப்படிப் போட்டீங்க, இது எதுக்குன்னு. நான் பதில் தெரியாம நிப்பேன். அந்தப் பொண்ணு கேக்காது, வேலையைப் பார்க்கும்.”

அவர் குரல் உயரவேயில்லை. நான் வகுப்பறையில் அப்படித்தான் பையன்களை நிற்க வைப்பேன். வீட்டிலும் ஒருவரை அப்படி நிற்க வைத்திருக்கிறேன் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

தங்கை மாடியறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அன்று மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். “என் வீட்டுல நான் என்ன வேலை பண்றேன்னு யாரும் கேட்டதில்லக்கா. மாமாதான் சோல்டர் எப்படி ஒட்டுதுன்னு கேட்டார். அதான் வரேன்” என்றாள். நானும் கேட்டதில்லை. தட்டுகளை எடுத்தேன்.

அடுத்த மூன்று ஞாயிறு இழைகளைப் பொறுக்குவதிலேயே போயிற்று. ஒட்டும் டேப்பைத் தண்டவாளத்தில் அழுத்தி அழுத்தி எடுத்தோம். நான் ஸ்கூல் லேபிலிருந்து ஒரு காந்தம் கொண்டுவந்து மேஜை மேல் நகர்த்தினேன். பச்சை எஞ்சின் பிழைக்கவில்லை. மகளிடம் நானே போன் செய்து சொன்னேன். அவள் சிரித்தாள். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

பொறாமை போய்விட்டது என்று சொன்னால் பொய். மாடியில் சிரிப்புச் சத்தம் கேட்டால் இன்றும் காது அங்கேதான் போகிறது.

போன மாதம் ஒரு புதன்கிழமை பாதி மேஜைக்குக் கரண்ட் வரவில்லை. கணவர் படியில் நின்று, “கொஞ்சம் மேலே வர்றியா?” என்று கூப்பிட்டார். நாக்கு நுனிக்கு நாலு கேள்வி வந்தது. விழுங்கிவிட்டு மீட்டரை எடுத்தேன். தங்கை செய்வது போலவே ஊசியை வைத்துக்கொண்டே போனேன். மேஜைக்கு அடியில் ஒரு வயர் ஸ்க்ரூவிலிருந்து விலகித் தொங்கியது.

“நேத்து நான் அடியில பெருக்கினேன். துடைப்பம் இழுத்திருக்கும்” என்றார் அவராகவே.

வயரைச் செருகி ஸ்க்ரூவை முடுக்கினேன். ரயில் ஓடியது.

ஞாயிறு தங்கை வந்ததும் அவர் சந்தோஷமாகச் சொன்னார். “இந்த வாரம் உனக்கு வேலையே இல்ல. உங்க அக்காவே சரி பண்ணிட்டா.”

“ஓ, அப்படியா?” என்றாள் தங்கை. சிரித்தாள். ஆனால் கையிலிருந்த பையைக் கீழே வைக்க மறந்து நின்றாள். பிறகு மேஜைக்கு அடியில் நுழைந்து நான் முடுக்கிய ஸ்க்ரூவைத் தொட்டுப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் தொட்டாள். எந்தக் கோளாறும் இல்லாத இணைப்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டே போனாள்.

“சாப்பிட வா” என்று கூப்பிட்டேன்.

“நீ போக்கா, வரேன்” என்றாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.